கல்யாண டிவிடி ஓட மலிவான பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா என்று ஸ்டுடியோக்காரர்கள் ரைட் பண்ணிக் கொடுத்த டிஸ்க்குகள் அலமாரியில் இருக்கின்றன. பழைய பிளேயர் பழுதாகிவிட்டது, அல்லது புது டிவியில் மாட்ட முடியவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு பிளேயர் வேண்டும். இப்படித் தேடுபவர்களுக்காகவே இந்தப் பக்கம். கடையில் அச்சடித்து விற்ற சினிமா டிஸ்க்குகளைப் பற்றி இங்கே அதிகம் இல்லை. அவை பெரும்பாலும் எந்தப் பிளேயரிலும் ஓடும். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் ரைட் பண்ணியவைதான் தகராறு செய்யும்.

சினிமா டிவிடி ஓடுகிறது, கல்யாண டிவிடி போட்டால் "நோ டிஸ்க்" என்கிறது. கெட்டது பிளேயரா, டிஸ்க்கா?

பெரும்பாலும் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டிருக்கும்.

சினிமா டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கில் குழிகளாக அச்சாகியிருக்கிறது. ரைட் பண்ணிய டிஸ்க்கில் குழி கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கும், ரைட்டரின் லேசர் அதை அங்கங்கே சுட்டுப் புள்ளி வைத்திருக்கும். வெயில், சூடு, ஈரம் பட்டால் சாயம் மங்கும். சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும். பிளேயரின் லேசரும் வருடக்கணக்கில் ஓடி வலு இழந்திருக்கும். சினிமா டிஸ்க்கின் பலமான சிக்னலை அது எப்படியோ படித்துவிடும், மங்கிய சாயத்தில்தான் தடுமாறும். ஆகவே "சினிமா ஓடுது, கல்யாணம் ஓடலை" என்றால் பிளேயரின் லென்ஸ் ஓய்ந்துவருகிறது என்பதற்கு முதல் அறிகுறி அது.

உறுதி செய்துகொள்ள, அதே டிஸ்க்கை வேறு பிளேயரிலோ டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரிலோ போடுங்கள். அங்கே ஓடினால் பிளேயரை மாற்றலாம். மூன்று இடத்தில் போட்டும் ஓடவில்லை என்றால் புதுப் பிளேயர் வாங்குவது வீண்செலவு.

என்னிடம் இருப்பது என்ன டிஸ்க் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊதா கலந்த வெள்ளி நிறம் என்றால் டிவிடி-ஆர் அல்லது டிவிடி பிளஸ் ஆர். பச்சை, நீலம், வெளிர்தங்கம் என்றால் சிடி-ஆர். அதில் வீடியோ இருந்தால் அது விசிடி. கறுத்த சாம்பல் நிறம் என்றால் அழித்து எழுதும் ஆர்டபிள்யூ. சந்தேகமாக இருந்தால் விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது, நடுவில் மெல்லிய கோடு தெரியும். சிடியில் அந்தக் கோடு இருக்காது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில்தான் சரியாகத் தெரியும். "வீடியோ டிஎஸ்" என்ற போல்டரும் அதற்குள் விஓபி, ஐஎப்ஓ பைல்களும் இருந்தால் முறையான டிவிடி வீடியோ, எந்தப் பிளேயரும் ஓட்ட வேண்டும். "எம்பெக் ஏவி" போல்டரில் டாட் பைல்கள் இருந்தால் விசிடி. வெறும் எம்பி4 பைல்கள் இருந்தால் அது டேட்டா டிஸ்க். படம் உள்ளே இருந்தாலும் சாதாரண டிவிடி பிளேயர் அதை ஓட்டாது. அடிப்பக்கத்தில் எழுதிய வட்டம் தெளிவாகத் தெரிந்தும் கம்ப்யூட்டர் "காலி டிஸ்க்" என்று சொன்னால் அது பைனலைஸ் செய்யப்படவில்லை, அதாவது எழுதி முடித்து மூடப்படவில்லை. ஹேண்டிகேம் பற்றிய கேள்வியில் அதற்கு வழி இருக்கிறது.

டிவிடி-ஆர், பிளஸ் ஆர், ஆர்டபிள்யூ: எது எல்லாப் பிளேயரிலும் ஓடும்?

டிவிடி-ஆர் 1997இலேயே வந்தது. பிளஸ் ஆர் 2002இல். ஆகவே அதற்கு முந்தைய பிளேயர்களுக்கு மைனஸ்தான் (டிவிடி-ஆர்) பழக்கம். இன்று கடையில் கிடைக்கும் எந்தப் பிளேயருக்கும் இரண்டும் ஒன்றுதான்.

ஆர்டபிள்யூ கதை வேறு. ஒற்றை அடுக்கு டிவிடி தன்மேல் விழும் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ 18 முதல் 30 சதவீதம்தான். லென்ஸ் புதிதாக இருந்தால் ஓடும், பழசானால் முதலில் கைவிடுவது ஆர்டபிள்யூவைத்தான். இரட்டை அடுக்கு, அதாவது 8.5 ஜிபி டிஸ்க்கும் அதே அளவு ஒளியைத்தான் திருப்பும். முக்கியமான வீடியோவை இவை இரண்டிலும் வைக்காதீர்கள். மூன்று மணி நேர வீடியோவா, இரண்டு சாதாரண 4.7 ஜிபி டிஸ்க்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மேல் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

டிவிடி வீடியோ, டிவிடி பிளஸ்/மைனஸ் ஆர், பிளஸ்/மைனஸ் ஆர்டபிள்யூ, சிடி-ஆர், விசிடி ஆகியவை பட்டியலில் தனித்தனியாக இருக்க வேண்டும். விசிடியைக் கட்டாயம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2000த்தின் முதல் பத்தாண்டில் நடந்த கல்யாணங்களில் ஏராளமானவை விசிடியில்தான் இருக்கின்றன, ஒரு கல்யாணத்துக்கு மூன்று, நான்கு சிடி. விசிடியைவிடத் தரம் கூடிய எஸ்விசிடியும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கவலையில்லை. டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட் என்று இருந்தால் பழைய ஏவிஐ பைல்களும் ஓடும். எச்டிஎம்ஐ, ஏவி (மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள்) இரண்டு அவுட்புட்டும் இருப்பதாக வாங்குங்கள். "100–240 வோல்ட்" என்றிருந்தால் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் நிம்மதி.

"1080 அப்ஸ்கேலிங்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்காக ஐந்நூறு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். டிவிடியில் இருப்பது 720×576 புள்ளி. விசிடியில் 352×288. அதை ஊதிப் பெரிதாக்கும் வேலையை டிவியே செய்யும், பெரும்பாலும் பிளேயரைவிட நன்றாகவே செய்யும்.

விலை கூடினால் ரைட் பண்ணிய டிஸ்க்கை நன்றாகப் படிக்குமா?

அப்படி ஒரு கணக்கு இல்லை. மலிவான பிளேயர்களின் உள்ளே பார்த்தால் மீடியாடெக் 1389 அல்லது சன்பிளஸ் வகைச் சிப்பும், சான்யோ எச்டி62, எச்டி65, சோனி 313, ஹிட்டாச்சி 1200 போன்ற லென்ஸ் யூனிட்டில் ஏதோ ஒன்றும்தான் திரும்பத் திரும்பக் காணப்படும். பெயர்ப்பலகைதான் வேறு. சில சமயம் அந்த லென்ஸ் யூனிட்டே ஒரிஜினல் இல்லாமல் அதன் நகலாக இருக்கும். அதனால் ஒரே மாடலில் இரண்டு பெட்டிகூட ஒன்றுபோல் படிப்பதில்லை. பெரிய பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வாரன்டிக்கும், ரிமோட் தொலைந்தால் இன்னொன்று கிடைப்பதற்கும்.

எனவே பிராண்ட் பார்த்து வாங்குவதைவிட, உங்கள் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து வாங்குவதே சரி.

கடையில் எப்படிச் சோதிப்பது? இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதாதா?

போதாது. டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. முதல் இரண்டு நிமிடம் நடுத்துளைக்குப் பக்கத்தில், டிஸ்க்கின் நல்ல பகுதியில் இருக்கும். எல்லாப் பிளேயரும் அதை ஓட்டிவிடும். கோளாறு வருவது வெளி விளிம்பில், அதாவது கடைசி அரை மணி நேரத்தில்.

வீட்டிலிருந்து நான்கு டிஸ்க் எடுத்துப் போங்கள். நன்றாக ஓடும் கல்யாண டிவிடி ஒன்று, இருப்பதிலேயே மோசமாகச் சிக்கும் டிவிடி ஒன்று, ஒரு விசிடி, கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் ஒன்று. மோசமான டிஸ்க்தான் நல்ல பரீட்சை. அதை ஓட்டுகிற பிளேயர் மற்ற டிவிடிகளை எல்லாம் ஓட்டும்.

முதலில் மோசமானதைப் போடுங்கள். ட்ரே மூடியதிலிருந்து படம் வரும்வரை எண்ணுங்கள். பதினைந்து விநாடிக்குள் வந்தால் நல்லது. அரை நிமிடம் கரகரவென்று தேடினால் லென்ஸ் திணறுகிறது. படம் வந்ததும் ரிமோட்டில் "கோ டு" அல்லது "சர்ச்" பட்டனை அழுத்தி ஒரு மணி நேரத்துக்கு அப்பால் போகச் சொல்லுங்கள். அந்தப் பட்டன் இல்லையென்றால் "நெக்ஸ்ட்" அழுத்திக் கடைசி சாப்டருக்குப் போங்கள். அங்கே ஐந்து நிமிடம் கைவைக்காமல் ஓட விடுங்கள். சதுரம் சதுரமாகக் கட்டம் விழுகிறதா, ஒலி வெட்டுகிறதா என்று பாருங்கள். நாதஸ்வரம் வாசிக்கும் இடம் சோதனைக்கு நல்லது, ஒரு நொடி வெட்டினாலும் காது பிடித்துவிடும். பிறகு நான்கு மடங்கு வேகத்தில் பின்னோக்கி ஓட்டி நிறுத்துங்கள். அப்போது உறைந்து நின்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்து விசிடி. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர். இரண்டும் தனித்தனி. ஒன்று நன்றாக இருந்து மற்றது மட்டமாக இருக்கலாம். டிவிடி ஓடியது என்பதற்காக விசிடியைப் போட்டுப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

சினிமா டிஸ்க் எதற்கு என்றால், அதுவும் தடுமாறினால் குறை டிஸ்க்கில் இல்லை, பிளேயரில்தான் என்று கடைக்காரரிடம் பேச்சுக்கு இடமில்லாமல் காட்டிவிடலாம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பெட்டியைப் பிரித்துப் போட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். ஷோ கேஸில் ஓடுவதைக் காட்டிவிட்டு வேறு பெட்டியைக் கையில் கொடுத்தால், அந்தப் பெட்டியையும் பிரித்து ஓட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் நாட்கள் முடிவதற்குள் இதே சோதனையை வீட்டில் செய்துவிட வேண்டும்.

புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை இல்லை. என்ன செய்வது?

எச்டிஎம்ஐ உள்ள பிளேயராக இருந்தால் ஒரே ஒயரில் வேலை முடிந்தது. ஏவி மட்டும் உள்ள பழைய பிளேயர் என்றால் டிவியின் பின்புறத்தை நன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு வழி இருக்கும்.

பச்சை ஓட்டை ஒன்று இருந்து, அதன் பக்கத்தில் "வீடியோ/ஒய்" என்று எழுதியிருந்தால் பிளேயரின் மஞ்சள் பின்னை அந்தப் பச்சையிலேயே சொருகலாம். சிவப்பும் வெள்ளையும் ஆடியோ ஓட்டைகளில் போகட்டும். ஐந்து ஓட்டை உள்ள டிவியில் சிவப்பு இரண்டு இருக்கும், பச்சை, நீலத்தோடு நிற்கும் சிவப்பு படத்துக்கானது, வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதே ஒலிக்கானது.

இயர்போன் ஓட்டை மாதிரி சின்னதாக "ஏவி இன்" இருந்தால் 3.5 மில்லிமீட்டர், மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் வேண்டும். இந்த ஒயர்கள் எல்லாம் ஒரே மாதிரி உள்இணைப்பில் வருவதில்லை. மாட்டியதும் படம் வராமல் ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று இரைச்சல் வந்தால் ஒயர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டிவியோடு வந்த ஒயரைத் தேடுங்கள்.

எதுவுமே இல்லாத டிவிக்கு ஏவி-டு-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் டப்பா. வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்டிஎம்ஐ-டு-ஏவி என்பது நேர் எதிரான வேலை செய்வது, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது உருண்டுகொண்டே இருக்கிறது.

நம் ஊர் வீடியோ எல்லாம் பால் (பி.ஏ.எல்.) என்ற டிவி முறை, விநாடிக்கு 25 பிரேம். பிளேயரின் செட்டப்பில் "டிவி சிஸ்டம்" என்.டி.எஸ்.சி. (அமெரிக்க முறை) என்று கிடந்தால் இந்தக் கோளாறு வரும். பால் அல்லது ஆட்டோ வையுங்கள். ஒலி மட்டும் வந்து படமே இல்லையென்றால் யாரோ ரிமோட்டில் "பி-ஸ்கேன்" அல்லது "வி-மோட்" அழுத்தியிருப்பார்கள். ஏவி ஒயரில் அந்த மோடில் படம் வராது. திரை இருட்டாக இருக்கும்போதே, ட்ரேயில் டிஸ்க் இல்லாமல், அதே பட்டனை ஒவ்வொரு முறையாக அழுத்தி இரண்டு விநாடி காத்திருங்கள். சுற்றி வந்து சரியாகிவிடும்.

மாப்பிள்ளையும் பெண்ணும் அகலமாகக் குண்டாகத் தெரிந்தால் அது 4:3 படத்தை அகலத்திரை இழுத்துக் காட்டுவது. டிவி ரிமோட்டில் பட அளவை 4:3 ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரியான அளவு.

முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, கடைசியில் சிக்குகிறது.

விளிம்பில் எழுத்தின் தரம் குறைவு என்பது பொதுக் காரணம். 16 மடங்கு வேகத்தில் அவசரமாக ரைட் பண்ணிய டிஸ்க்கில் இது அதிகம். கைவிரல் படுவதும் விளிம்பில்தான், ஆகவே முதலில் துடைத்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை: மேலே ஒட்டியிருக்கும் மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர். காகிதம் ஈரத்தை இழுத்துச் சுருங்கும்போது டிஸ்க்கைக் கிண்ணம் மாதிரி லேசாக வளைத்துவிடும். சமதளமான கண்ணாடி மேல் டிஸ்க்கை வைத்தால் விளிம்பு தூக்கி நிற்பது தெரியும். ஸ்டிக்கரை உரித்தெடுக்க முயலாதீர்கள். சிடியில் வெள்ளிப்பூச்சு மேல்பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருப்பதால் ஸ்டிக்கரோடு வீடியோ பதிந்த பூச்சும் உரிந்து வந்துவிடும். டிவிடியில் பூச்சு நடுவில் இருக்கிறது, இருந்தாலும் இழுப்பில் இரண்டு தகடும் பிரியக்கூடும். வளைந்த டிஸ்க்கை மேஜை பிளேயரைவிட லேப்டாப் டிரைவ் சில சமயம் நன்றாகப் படிக்கும், மெதுவாகச் சுற்றிப் படிக்க அதற்குத் தெரியும்.

விசிடி ஓடுகிறது, டிவிடி எதுவுமே ஓடவில்லை. லென்ஸ் மாற்றலாமா?

டிவிடி லேசர் மட்டும் போயிருக்கிறது. மாற்றுவதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்து பாருங்கள். பிளேயர் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தாலோ, ஹாலில் தினமும் கொசுவர்த்தி கொளுத்தினாலோ லென்ஸில் புகைப்படலம் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, காது குடையும் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, லென்ஸ் மேல் சுழற்றி எடுங்கள். அழுத்தக் கூடாது, அந்தக் கண்ணாடி மயிரிழைக் கம்பிகளில் தொங்குகிறது. பிரஷ் வைத்த கிளீனர் டிஸ்க் தூசிக்குச் சரி, புகைப்படலத்துக்குப் பயன்படாது.

சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் லென்ஸ் யூனிட் மாற்றலாம். பழைய யூனிட்டின் அடியில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண் வாங்க வேண்டும். புது யூனிட்டின் பட்டை ஒயருக்கு அருகில் ஒரு சின்ன ஈயப் பொட்டு இருக்கும். வழியில் நிலைமின்சாரம் லேசரைச் சுட்டுவிடாமல் இருக்க வைப்பது அது. ஒயரை போர்டில் மாட்டிய பிறகு அந்த ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் புது லென்ஸும் "நோ டிஸ்க்" என்றே சொல்லும். "இதுவும் டூப்ளிகேட்" என்று தூக்கிப் போடப்படும் யூனிட்டுகளில் கொஞ்சம் இந்த ரகம்.

சிலர் மாற்றாமலே ஓட்டித் தருவார்கள். யூனிட்டில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி லேசருக்குக் கரண்டைக் கூட்டிவிடும் வித்தை அது. சில வாரம் அருமையாக ஓடும், பிறகு லேசர் அடியோடு போய்விடும். டிஸ்க்கைக் காப்பி எடுக்கும் வரை ஓடினால் போதும் என்பவர்களுக்கு மட்டும் அது சரி.

செகண்ட் ஹேண்ட் பிளேயர் வாங்கலாமா?

பாதி விலைக்குக் கீழே என்றால் மட்டும். லென்ஸ் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு சோதனை செய்யுங்கள், ஓய்ந்த லேசர் சூட்டில்தான் தடுமாறும். ட்ரே பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சில பத்து ரூபாய் சமாச்சாரம்.

ஹேண்டிகேமில் எடுத்த சின்ன டிஸ்க்குகள் ஓடுமா?

8 சென்டிமீட்டர், 1.4 ஜிபி, அரை மணி நேரம் பிடிக்கும் டிஸ்க்குகள். ட்ரே உள்ள பிளேயரில் உள்வட்டப் பள்ளத்தில் வைத்தால் ஓடும். ட்ரே இல்லாமல் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் பிளேயரில் போடவே போடாதீர்கள், வெளியே வராது.

பைனலைஸ் செய்யப்படாத டிஸ்க் எடுத்த கேமராவைத் தவிர வேறெங்கும் ஓடாது. கேமரா உயிரோடு இருந்தால் அடாப்டரை மாட்டி, மெனுவில் "பைனலைஸ்" கொடுத்து முடியும் வரை அசைக்காமல் விடுங்கள். பேட்டரியில் செய்து பாதியில் கரண்ட் போனால் டிஸ்க் போச்சு. கேமரா இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் அந்த டிஸ்க்கின் உள்ளே இருப்பதை எடுத்துத் தரும்.

பென் டிரைவில் இருக்கும் எம்பி4 பைல் பிளேயரின் யூஎஸ்பியில் ஓடவில்லை.

ஓடாது. மலிவு டிவிடி பிளேயரின் சிப்புக்கு எம்பெக்-1, எம்பெக்-2, எக்ஸ்விட் வரைதான் தெரியும். மொபைலும் இன்றைய கேமராவும் எடுப்பது எச்.264 என்ற வீடியோ முறையில், அல்லது அதற்கும் புதியதில். அதை டிவியின் யூஎஸ்பியிலேயே நேராகப் போடுங்கள். பிளேயர் யூஎஸ்பி பாட்டுக்கும் பழைய ஏவிஐக்கும் உதவும். அதற்கும் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த பென் டிரைவை ஃபேட்32 முறையில் பார்மட் செய்திருக்க வேண்டும்.

புளூ-ரே பிளேயரோ பிளேஸ்டேஷனோ இருந்தால் போதாதா?

டிவிடிக்குப் போதும், விசிடிக்குப் போதாமல் போகலாம். புளூ-ரே பிளேயர்களில் பல விசிடியை ஓட்டாது, வாங்கும் முன் பட்டியலில் பாருங்கள். பிளேஸ்டேஷன் 4 எந்த சிடியையும் படிக்காது, ஆகவே விசிடிக்கு வழியே இல்லை. யூஎஸ்பி டிவிடி ரைட்டரை நேராக டிவியில் சொருகி ஓட்டலாம் என்று சிலர் வாங்குகிறார்கள். பெரும்பாலான டிவிகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய கல்யாண டிவிடி அங்கே ஓடவில்லை. ரீஜன் கோடு காரணமா?

இல்லை. இந்தியா ரீஜன் 5 என்பது சினிமா டிஸ்க்குகளுக்கான பூட்டு. ஸ்டுடியோ ரைட் பண்ணிய டிஸ்க்கில் அந்தப் பூட்டே கிடையாது. அமெரிக்கா, கனடாவில் காரணம் வேறு: அங்கே விற்கும் பிளேயர்கள் என்.டி.எஸ்.சி.க்காகச் செய்தவை, பால் டிஸ்க்கைப் பல பிளேயர்கள் ஏற்பதில்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற மென்பொருளில் போட்டால் எந்த நாட்டிலும் ஓடும். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா எல்லாம் பால் நாடுகளே, அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நானே புதிதாக டிஸ்க் ரைட் செய்தால் எப்படிச் செய்வது?

எம்பி4 பைலை அப்படியே டிஸ்க்கில் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. டிவிடிஸ்டைலர் மாதிரி இலவச மென்பொருளில் பால், 720×576, எம்பெக்-2 என்று வைத்து டிவிடி வீடியோவாக மாற்றி, பிறகு இம்க்பர்ன் மென்பொருளில் ரைட் செய்யுங்கள்.

பிட்ரேட், அதாவது விநாடிக்கு எவ்வளவு தகவல் என்ற கணக்கு எளிது. ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் அடக்க வேண்டுமானால் படமும் ஒலியும் சேர்த்து விநாடிக்கு 5.2 மெகாபிட். ஒலிக்கு ஏசி-3 என்ற ஒலி முறையில் 0.2 போக, கொஞ்சம் இடம் விட்டுப் படத்துக்கு 4.9 வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு 6.5 வரை போகலாம். ஒரு மணி நேர வீடியோதானே என்று உச்சவரம்பான 9.8 வரை ஏற்றாதீர்கள். அந்த வேகத்தில் ஒரு இடத்தைத் திரும்பப் படிக்கப் பிளேயருக்கு நேரமே இருக்காது, சின்னக் கீறலுக்கும் படம் நிற்கும். 8க்கு மேல் வேண்டாம்.

16 மடங்கு என்று எழுதிய டிஸ்க்கை 8 மடங்கில் எழுதுங்கள், முழு டிஸ்க்குக்கு எட்டு நிமிடம் ஆகும். மிகவும் மெதுவாக எழுதினால் இன்னும் நன்றாக வரும் என்பது உண்மையல்ல. அந்த டிஸ்க்கின் சாயம் வேகமான எழுத்துக்கென்று செய்தது. எழுதி முடித்ததும் "வெரிஃபை" ஓடட்டும். பிளஸ் ஆர் டிஸ்க்கில் புக் டைப்பை (டிஸ்க் என்ன வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) "டிவிடி-ரோம்" ஆக்கினால் பிடிவாதக்காரப் பழைய பிளேயரும் ஏமாந்து ஓட்டும். மைனஸ் ஆரில் அந்த வசதி இல்லை. மேலே ஸ்டிக்கர் வேண்டாம், சிடி மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடாது.

அழுக்கு டிஸ்க்கை எப்படித் துடைப்பது?

பழைய மெல்லிய பருத்தித் துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் வரும் கீறல் படப்பாதையோடு ஓடும், பிளேயரின் பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்குக் கீறலைச் சமாளிக்கும். பிசுக்கு இருந்தால் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. டூத் பேஸ்ட் வைத்தியம் ஆழக் கீறலுக்குக் கடைசி முயற்சி மட்டுமே.

இப்போது ஓடுகிறது. காப்பி எடுத்து வைக்க என்ன வழி?

யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். ஒயரில் இரண்டு யூஎஸ்பி தலை இருந்தால் இரண்டையும் சொருகுங்கள், கரண்ட் போதாமல்தான் பல டிரைவ்கள் பாதியில் நிற்கின்றன.

டிவிடி என்றால் "வீடியோ டிஎஸ்" போல்டரை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்கள். கல்யாண டிஸ்க்கில் காப்பித் தடுப்பு இல்லாததால் நேராக வரும். விஓபி பைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் துண்டு துண்டாக இருக்கும். தனித்தனியாக மாற்றினால் தாலி கட்டும் நேரத்தில் ஒரு துண்டு முடிந்து வெட்டு விழலாம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போல்டரையே திறந்து, எச்.264, தரம் 18 முதல் 20, டீஇன்டர்லேஸ் ஆன் என்று வைத்து ஒரே எம்பி4 ஆக்குங்கள். மூலப் போல்டரை அழிக்க வேண்டாம். விசிடியின் டாட் பைலை அப்படியே காப்பி செய்தால் விஎல்சியில் ஓடும், டிவியில் பார்க்க வேண்டுமென்றால் அதையும் ஹேண்ட்பிரேக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

காப்பி ஓரிடத்தில் நின்று "சைக்ளிக் ரிடன்டன்சி" பிழை வந்தால் டிஸ்க்கைத் துடைத்து, வேறு பிராண்ட் டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படிப்பது சகஜம். லினக்ஸ் தெரிந்தவர் கிடைத்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்து, நின்றுபோன இடங்களை மட்டும் இரண்டாவது டிரைவில் தொடரலாம். வீட்டில் இருபது டிஸ்க் இருந்தால் விசிடிகளில் தொடங்குங்கள். சிடியில் மேல்பக்கம் ஒரு கீறல் விழுந்தாலே அந்த இடத்துப் படம் போய்விடும், டிவிடிக்கு அங்கே அரை மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது.